ஆரஞ்சுப் பழமும் ஆரஞ்சுச் சாறும் (ஊட்டச்சத்து ஒப்பீடு)

நாரத்தை இனக் கனிகளை (சிட்ரசு) முழுமையாக உண்பதற்கும் அவற்றைப் பிழிந்து சாறாக அருந்துவதற்கும் இடையே உள்ள ஊட்டச்சத்து வேறுபாடு, உணவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் ஒரு பொருளாகும். ஆரஞ்சு, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, எலுமிச்சை, நாரத்தை, பம்பளிமாசு, கிரேப்புரூட்டு ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் ஆரஞ்சு தோடம்பழம் எனவும், எலுமிச்சை தேசிக்காய் எனவும் அழைக்கப்படுகின்றன. இவற்றுள் ஆரஞ்சே மிகுதியாகச் சாறாக்கப்படுவதாலும், அதனைப் பற்றிய ஆய்வுகளே மிகுந்திருப்பதாலும், இக்கட்டுரை பெரும்பாலும் ஆரஞ்சை முன்வைத்தே அமைகிறது.

பழமும் சாறும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. "பழம் நல்லது, சாறு வெறும் சர்க்கரை நீர்" என்ற எண்ணமும் அதே அளவுக்குப் பரவலாக உண்டு. இரண்டுமே முழு உண்மை அல்ல. உயிர்ச்சத்து சி-யைப் பொறுத்தவரை சாறு பழத்திற்கு ஏறத்தாழ நிகரானது. நார்ச்சத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒப்பிடவே இயலாதவை. சில கரோட்டினாய்டுகளைப் பொறுத்தவரை சாறே முந்துகிறது.

கனியின் அமைப்பு

பிழியும்போது எது போகிறது, எது தங்குகிறது என்பதை அறிய, கனியின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். நாரத்தை இனக் கனியின் வெளித்தோல் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த நிறமுள்ள மெல்லிய அடுக்காகும். தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறித்து எரியச் செய்வது இச்சுரப்பிகளின் எண்ணெயே. அதற்கு உட்புறம் பஞ்சு போன்ற வெண்ணிற அடுக்கு உள்ளது. அதனுள்ளே சுளைகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு சுளையும் ஒரு மெல்லிய சவ்வினால் மூடப்பட்டுள்ளது. சவ்வினுள் சாறு நிறைந்த நுண்பைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன.

பிழிதல் என்பது இந்நுண்பைகளை உடைத்து நீர்மத்தை மட்டும் பிரித்தெடுப்பதாகும். சவ்வுகளும், வெண்ணிற அடுக்கும், பைகளின் சுவர்களும் சக்கையாக எஞ்சுகின்றன. கனியின் நார்ச்சத்தில் பெரும்பகுதி இச்சக்கையில்தான் உள்ளது. ஹெஸ்பெரிடின் என்னும் பிளேவனாய்டும் வெண்ணிற அடுக்கிலும் சவ்விலுமே செறிந்துள்ளது. 1828 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலாளர் லெப்ரெத்தோன் இச்சேர்மத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது அந்த வெண்ணிற அடுக்கிலிருந்தே ஆகும். சுளையை உரிக்கும்போது வெள்ளை நாரை ஒன்று விடாமல் அகற்றி உண்பவர்கள், பழத்தை உண்டாலும் இதனைப் பெருமளவு இழந்து விடுகின்றனர்.

எண்களில் ஒப்பீடு

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பகுப்பாய்வுத் தரவுகளின்படி, தோல் நீக்கிய 100 கிராம் ஆரஞ்சில் 47 கிலோ கலோரி ஆற்றலும், ஏறத்தாழ 9.4 கிராம் சர்க்கரையும், 2.4 கிராம் நார்ச்சத்தும், 53 மி.கி. உயிர்ச்சத்து சி-யும், 40 மி.கி. கால்சியமும், 181 மி.கி. பொட்டாசியமும் உள்ளன. புதிதாகப் பிழிந்த 100 கிராம் ஆரஞ்சுச் சாற்றில் 45 கிலோ கலோரி, 8.4 கிராம் சர்க்கரை, 0.2 கிராம் நார்ச்சத்து, 50 மி.கி. உயிர்ச்சத்து சி, 11 மி.கி. கால்சியம், 200 மி.கி. பொட்டாசியம் ஆகியன உள்ளன. போலேட்டு இரண்டிலும் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் ஆகும்.

இவ்வெண்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு ஏற்படும். சாற்றில் சர்க்கரை மிகுதி என்பது பொதுவான கூற்று. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால், சாற்றில் உள்ள சர்க்கரை பழத்தில் உள்ளதை விடச் சற்றுக் குறைவே. அப்படியாயின் சாற்றின் மீது சொல்லப்படும் குறை எங்கிருந்து வருகிறது? அது அளவிலிருந்து வருகிறது. மக்கள் பழத்தை 100 கிராம் எனவும் சாற்றை 100 கிராம் எனவும் எடை போட்டு உட்கொள்வதில்லை. பழம் ஒன்று என்றும், சாறு ஒரு குவளை என்றும் உட்கொள்கின்றனர்.

நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சின் உண்ணத்தக்க பகுதி ஏறத்தாழ 131 கிராம். அதில் 62 கிலோ கலோரியும், 12 கிராம் சர்க்கரையும், 3 கிராம் நார்ச்சத்தும், 70 மி.கி. உயிர்ச்சத்து சி-யும் உள்ளன. அத்தகைய ஒரு பழத்தைப் பிழிந்தால் கிடைக்கும் சாறு ஏறத்தாழ 86 கிராம் மட்டுமே. ஆகவே 248 கிராம் கொண்ட ஒரு குவளைச் சாற்றுக்கு ஏறக்குறைய மூன்று பழங்கள் தேவைப்படுகின்றன. அக்குவளையில் 112 கிலோ கலோரியும், 21 கிராம் சர்க்கரையும், அரை கிராம் நார்ச்சத்தும், 124 மி.கி. உயிர்ச்சத்து சி-யும் அடங்கியுள்ளன.

இதையே வேறு விதமாகவும் நோக்கலாம். அந்த மூன்று பழங்களையும் பிழியாமல் உண்டிருந்தால் 209 மி.கி. உயிர்ச்சத்து சி-யும் 9 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் கிடைத்திருக்கும். அதாவது, பிழியும்போது உயிர்ச்சத்து சி-யில் ஐந்தில் இரண்டு பங்கு சக்கையோடு போகிறது. நார்ச்சத்தோ ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. ஆனால் ஒரே வேளையில் மூன்று ஆரஞ்சுகளை உரித்து உண்பவர் அரிது. மூன்று ஆரஞ்சுகளின் சாற்றை இரண்டு நிமிடங்களில் அருந்துவது எளிது. பழத்திற்கும் சாற்றிற்கும் இடையிலான வழக்கின் சாரம் இவ்வெளிமையில்தான் உள்ளது.

ஒப்பீட்டுக்குப் பயன்படும் அளவையைச் சொல்லாமல் "இதில் மிகுதி, அதில் குறைவு" எனக் கூறும் விளம்பரங்களையும் செய்திகளையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும். ஒரே தரவுகளைக் கொண்டு, 100 கிராமுக்கு எனக் கணக்கிட்டால் சாறு பழத்தோடு போட்டியிடுகிறது. ஒரு முறை உட்கொள்ளும் அளவுக்கு எனக் கணக்கிட்டால் சாற்றில் சர்க்கரையும் உயிர்ச்சத்து சி-யும் பழத்தை விட ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகின்றன.

உயிர்ச்சத்து சி: ஒரு வரலாற்றுப் பாடம்

பழமும் சாறும் ஒன்றே என எண்ணியதன் விலையைக் கடலோடிகள் தம் உயிரால் செலுத்தியுள்ளனர். நீண்ட கடற்பயணங்களில் ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, பழைய புண்கள் மீண்டும் திறந்து மாலுமிகள் மடியக் காரணமான ஸ்கர்வி நோய், உயிர்ச்சத்து சி குறைபாட்டினால் உண்டாவதாகும். 1747 இல் சாலிசுபரி என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்சு லிண்டு, நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகையான மருந்துகளை அளித்துச் சோதித்தார். நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சுகளும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். கப்பலிலிருந்த பழங்கள் ஆறு நாட்களில் தீர்ந்து போயின.

லிண்டு அளித்தது பழம். ஆனால் பழத்தைக் கப்பலில் மாதக்கணக்கில் வைத்திருக்க இயலாது. எனவே 1753 இல் வெளியிட்ட நூலில், சாற்றைச் சுடவைத்துப் பாகு போல் வற்றச் செய்து புட்டிகளில் சேமிக்கும் முறையை அவர் பரிந்துரைத்தார். சாற்றின் ஆற்றல் முழுவதும் அப்பாகில் செறிந்திருக்கும் என அவர் நம்பினார். ஆனால் வெப்பமும் காற்றும் உயிர்ச்சத்து சி-யைச் சிதைப்பவை. நோயைக் குணப்படுத்துவது எது எனத் தம் சோதனையால் காட்டிய அதே மனிதர், அதனைப் போக்கிவிடும் முறையையும் தாமே பரிந்துரைக்க நேர்ந்தது. பாகு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1795 முதல் பிரித்தானியக் கடற்படை வற்றவைக்காத எலுமிச்சைச் சாற்றை வழங்கத் தொடங்கிய பின்னரே அங்கு ஸ்கர்வி பெருமளவு அடங்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. 1860களில் கடற்படை, மத்தியதரைக் கடற்பகுதியின் மஞ்சள் எலுமிச்சையை (லெமன்) விடுத்து, மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைக்கு (லைம்) மாறியது. இரண்டும் ஒன்றே எனக் கருதப்பட்டது. 1918 இல் லண்டனிலுள்ள லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் அவருடன் பணியாற்றியோரும் கினி எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, புதிய லைம் சாற்றின் ஸ்கர்வி தடுக்கும் திறன் லெமன் சாற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எனவும், நெடுநாள் சேமித்த லைம் சாறு பயனற்றது எனவும் காட்டினர். தமிழ்நாட்டில் எலுமிச்சை எனப்படுவது பெரும்பாலும் இந்த லைம் வகையே என்பது இங்கு நோக்கத்தக்கது. புதிதாகப் பிழிந்து உடனே பயன்படுத்தும்போது அதுவும் நல்ல உயிர்ச்சத்து சி மூலமாகும். இன்றைய பகுப்பாய்வுகளில் அதன் சாற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 மி.கி. காணப்படுகிறது. உயிர்ச்சத்து சி இன்ன சேர்மம் என்பது ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி முதலியோரின் ஆய்வுகளால் 1930களின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. அவருக்கு 1937 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாளொன்றுக்கு வேண்டிய உயிர்ச்சத்து சி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஆண்களுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. ஆகும். ஆகவே ஒரு நடுத்தர ஆரஞ்சே ஒரு நாள் தேவையை ஏறத்தாழ நிறைவு செய்கிறது. இதற்கென ஒரு பெரிய குவளைச் சாறு அருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. உடல் தன் தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றி விடுகிறது.

நார்ச்சத்தும் நிறைவுணர்வும்

ஆரஞ்சின் நார்ச்சத்தில் நீரில் கரையும் பெக்டின் குறிப்பிடத்தக்கது. 1825 இல் ஆன்றி பிரக்கொன்னோ இதனை விவரித்துப் பெயரிட்டார். பழப்பாகைக் கெட்டியாக உறையச் செய்வது இப்பெக்டினே. வயிற்றிலும் சிறுகுடலிலும் இது கூழ்மமாகி, உணவு நகரும் வேகத்தைக் குறைக்கிறது. சர்க்கரை குருதியில் கலப்பதும் சற்றுத் தாமதமாகிறது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இதனை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கென்னத் ஹீட்டன் முதலியோர் இப்பொருளில் முன்னோடி ஆய்வுகளைச் செய்தனர். 1977 இல் ஆப்பிளைக் கொண்டு நடத்திய சோதனையில், முழுப் பழத்தை உண்ண எடுத்துக்கொண்ட நேரத்தை விடச் சாற்றைப் பதினொரு மடங்கு விரைவாக அருந்த முடிந்தது. பழத்தை உண்டவர்களுக்கே வயிறு நிறைந்த உணர்வு மிகுதியாக இருந்தது. 1981 இல் ஆரஞ்சையும் திராட்சையையும் கொண்டு ஆராய்ந்தனர். ஆரஞ்சுப் பழத்தை உண்டபோது, சாற்றை அருந்தியதை விட இன்சுலின் சுரப்பு குறைவாகவும், பின்னர் ஏற்படும் குருதிச் சர்க்கரை வீழ்ச்சி குறைவாகவும், நிறைவுணர்வு மிகுதியாகவும் இருந்தன. திராட்சையிலோ விந்தையாக, முழுப் பழத்திற்கே இன்சுலின் சுரப்பு மிகுந்திருந்தது. எல்லாப் பழங்களுக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் இம்முடிவு பொதுமக்களுக்கான நூல்களில் அரிதாகவே குறிப்பிடப்படுகிறது.

சர்க்கரை உயர்வுச் சுட்டெண்ணில் (கிளைசெமிக் குறியீடு) வேறுபாடு எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிதன்று. பன்னாட்டு அட்டவணைகளில் ஆரஞ்சுக்கு ஏறத்தாழ 43, ஆரஞ்சுச் சாற்றுக்கு ஏறத்தாழ 50. இரண்டுமே தாழ்ந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் இச்சுட்டெண் ஒரே அளவு மாவுப்பொருளை உட்கொள்ளும்போது ஏற்படும் விளைவையே அளக்கிறது. ஒரு பழத்திற்குப் பதிலாக மூன்று பழங்களின் சாற்றை அருந்தும்போது உடலுக்குள் செல்லும் மொத்தச் சர்க்கரையை அது காட்டாது.

மின்னரைப்பானில் முழுச் சுளைகளையும் அரைத்து வடிகட்டாமல் அருந்துவது இடைப்பட்ட வழியாகும். அதில் நார்ச்சத்து தங்கிவிடுகிறது. எனினும் மெல்லும் வேலையும் அதற்கு ஆகும் நேரமும் இல்லாததால், மிகுதியாக உட்கொள்ளும் வாய்ப்பு அதிலும் உண்டு.

சாறு முந்தும் இடங்கள்

ஆரஞ்சின் நிறத்திற்குக் காரணமான கரோட்டினாய்டுகளுள் பீட்டா-கிரிப்டோசாந்தின் ஒன்று. உடல் இதனை உயிர்ச்சத்து ஏ-யாக மாற்றிக்கொள்ள வல்லது. செருமனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், இச்சத்து பழத்திலிருந்து கிடைப்பதை விடப் பாசுச்சர் முறையில் சூடாக்கிய சாற்றிலிருந்து மிகுதியாக உறிஞ்சப்படுவது கண்டறியப்பட்டது. பழத்தின் உயிரணுச் சுவர்களும் பெக்டினும் கரோட்டினாய்டுகளைப் பிடித்து வைத்திருப்பதும், பிழிதலும் சூடாக்கலும் அவற்றை விடுவிப்பதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. நார்ச்சத்து தடுப்பது சர்க்கரையை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

ஹெஸ்பெரிடினிலும் ஒரு நுட்பம் உள்ளது. மொத்த அளவில் பழமே மேல். ஆனால் தொழிற்சாலை இயந்திரங்கள் கனியைத் தோலோடு சேர்த்து வலுவாக அழுத்துவதால், வீட்டில் கையால் பிழிந்த சாற்றை விட ஆலைச் சாற்றில் ஹெஸ்பெரிடின் கூடுதலாக இருப்பதுண்டு.

பிழிந்த சாறு வைத்திருந்தால் கசப்பது பலரும் அறிந்ததே. நேவல் வகை ஆரஞ்சிலும் சாத்துக்குடியிலும் இது மிகுதி. கனியில் கசப்பற்ற வடிவில் உள்ள ஒரு சேர்மம், பிழிந்தபின் சாற்றின் அமிலத்தோடு கலந்து மெல்ல லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. கசப்பு, சாறு கெட்டுவிட்டதன் அறிகுறி அன்று. ஆனால் நேரம் கடந்துவிட்டதன் அறிகுறி. அந்நேரத்தில் உயிர்ச்சத்து சி-யும் சிறிது சிறிதாகக் குறைகிறது. சாற்றின் அமிலத்தன்மை அதனை ஓரளவு காக்கிறது. மூடிய கலத்தில் குளிரூட்டி வைத்தால் இழப்பு மெதுவாகவே நிகழும். செம்புக் கலங்கள் அச்சிதைவை விரைவுபடுத்துவன ஆதலால் அவற்றைத் தவிர்த்தல் நலம்.

ஆலைச் சாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்கு உயிர்ச்சத்து சி வழங்க வேண்டிய தேவை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் புதிய முறைக்கு வழிவகுத்தது. வெற்றிடத்தில் தாழ்ந்த வெப்பநிலையில் சாற்றின் நீரை அகற்றி, சுவைக்காகச் சிறிது புதிய சாற்றைக் கலந்து உறையவைக்கும் இம்முறைக்கு லூயி மெக்டோவல், எட்வின் மூர், செட்ரிக் அட்கின்சு ஆகியோர் 1948 இல் காப்புரிமை பெற்றனர். லிண்டின் பாகு தோற்ற இடத்தில் இது வென்றது. வேறுபாடு வெப்பத்தின் அளவிலும் காற்றை விலக்கியதிலும் இருந்தது.

நீர் அகற்றிய செறிவிலிருந்து மீண்டும் நீர் சேர்த்து ஆக்கப்படும் சாறும், செறிவாக்காமல் பாசுச்சர் முறையில் மட்டும் பதப்படுத்தப்படும் சாறும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. சில நாடுகளில் கால்சியமும் உயிர்ச்சத்து டி-யும் சேர்க்கப்பட்ட சாறுகள் உண்டு. அவற்றில் கால்சியம் பழத்தில் உள்ளதை விட மிகுதியாகும். "பழ பானம்" எனக் குறிக்கப்பட்டவை சாறு அல்ல. அவற்றில் சாற்றின் பங்கு சிறிதாகவும், சேர்த்த சர்க்கரை மிகுதியாகவும் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், மீள ஆக்கிய சாறுகளின் மேலுறைகளிலிருந்து "100% பழச்சாறு" என்னும் கூற்றை நீக்குமாறு 2024 சூன் மாதத்தில் பணித்தது.

தெருவோரப் பழச்சாற்றுக் கடைகளில் நிலைமை வேறு. அங்கு கிடைக்கும் சாத்துக்குடிச் சாறு புதியது; ஆனால் வடிகட்டப்பட்டு, சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்க்கப்படுவது வழக்கம். சர்க்கரை வேண்டாம் எனக் கேட்டுப் பெறுவோர், மேலே கூறிய 100 கிராம் கணக்குக்கு அருகில் வருகின்றனர்.

பரிந்துரைகள்

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், "கட்டற்ற சர்க்கரை" என்னும் பிரிவில் உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையோடு, தேன், பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் சேர்த்துள்ளது. முழுப் பழத்தின் சர்க்கரை அதில் அடங்காது. கட்டற்ற சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் எனவும், 5 விழுக்காட்டுக்குக் குறைவாயின் மேலும் நன்று எனவும் அது கூறுகிறது. 2000 கிலோ கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றின் 21 கிராம், இரண்டாவது எல்லையை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. பிரித்தானியாவில் சாறு எவ்வளவு அருந்தினாலும் 150 மி.லி. அளவே, நாளின் பழ, காய்கறிப் பங்குகளில் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017 இல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பழச்சாறு தர வேண்டாம் எனவும், ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 மி.லி.-க்கு மேற்படாமல் தரலாம் எனவும் அறிவுறுத்தியது.

நீரிழிவு நோயோடு உள்ள தொடர்பு பற்றி 2013 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான பெரிய ஆய்வொன்று, 1,87,382 அமெரிக்க மருத்துவத் துறையினரின் தரவுகளை ஆராய்ந்தது. முழுப் பழங்களை, சிறப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை, மிகுதியாக உண்டோரிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், சாறு மிகுதியாக அருந்தியோரிடம் கூடுதலாகவும் காணப்பட்டது. ஆரஞ்சுப் பழத்தைத் தனியே நோக்கியபோது குறிப்பிடத்தக்க கூடுதலோ குறைவோ இல்லை. இஃது உற்றுநோக்கல் ஆய்வாதலால், சாறுதான் நோய்க்குக் காரணம் என இதிலிருந்து நிறுவ இயலாது.

சாறு பொருத்தமாகும் நிலைகளும் எச்சரிக்கைகளும்

மெல்ல இயலாத முதியோருக்கும், நார்ச்சத்துக் குறைந்த உணவு விதிக்கப்பட்டவர்களுக்கும் சாறே ஏற்றது. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்குக் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழும்போது, ஏறத்தாழ 120 மி.லி. சாறு உடனடி உதவியாகும். அந்நிலையில் விரைவாக உறிஞ்சப்படுவதே வேண்டப்படுவதால், மற்ற வேளைகளில் குறையாக எண்ணப்படும் பண்பு இங்கே உயிர்காக்கும் பண்பாகிறது. பருப்பும் கீரையும் உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சேர்த்தால், அவற்றிலுள்ள இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படுகிறது.

சாற்றை நாள் முழுவதும் சிறிது சிறிதாக அருந்துவது பல்லின் மேற்பூச்சை அமிலம் அரிக்க இடமளிக்கும். சிறுநீரகம் பழுதுற்றுப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் பழம், சாறு இரண்டிலும் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும். ஒரு குவளைச் சாற்றில் ஏறத்தாழ 500 மி.கி. பொட்டாசியம் இருப்பதால் அவர்களுக்குச் சாறே கூடுதல் கவனத்திற்குரியது.

கிரேப்புரூட்டு தனி எச்சரிக்கைக்கு உரியது. கனடா நாட்டின் டேவிட் பெய்லி முதலியோர், ஒரு சோதனையில் மதுவின் சுவையை மறைக்க இச்சாற்றைப் பயன்படுத்தியபோது, பெலோடிபின் என்னும் குருதியழுத்த மருந்து குருதியில் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்ததைத் தற்செயலாகக் கண்டனர். கனியிலுள்ள பியூரனோகூமரின்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்வதே இதற்குக் காரணமாகும். கொழுப்பைக் குறைக்கும் சில சுட்டாட்டின் மருந்துகள் உட்பட வேறு பல மருந்துகளுக்கும் இவ்விளைவு உண்டு. இதில் பழத்திற்கும் சாற்றிற்கும் வேறுபாடு இல்லை. பம்பளிமாசும் இவ்விளைவை உண்டாக்கக் கூடியது. இனிப்பு ஆரஞ்சிலும் சாத்துக்குடியிலும் இச்சிக்கல் இல்லை.